அம்சவல்லியும் வரவேற்பறைப் பாசியும்

அம்சவல்லி துடைத்த இடத்தை இன்னொருவர் துடைக்க வேண்டி வந்ததில்லை. இதை அவளே சொல்வாள், கேட்காதவர்களிடமும் சொல்வாள். வாலாஜாபாத்துக்குப் பக்கத்தில் பதினாறு வயதிலிருந்து களை எடுத்தவள். அவள் இறங்கிய வரிசையில் ஒரு கோரைகூட மிஞ்சாது என்று பேர். அடுத்தவர்கள் வரிசையில் விட்டுப்போன களையையும் பிடுங்கி, அவர்கள் எதிரிலேயே வரப்பில் போடுவாள். இதனால் அவளுக்குச் சிநேகிதிகள் குறைவு.

ஒரகடத்தில் கியர் செய்யும் ஒரு கம்பெனியில் ஒப்பந்த ஆளாகச் சேர்ந்து பதினோரு வருஷம் ஆகிறது. முதல் எட்டு வருஷம் கழிவறையும் கேன்டீனும். அவள் துடைத்த தரையில் முகம் பார்க்கலாம் என்று யாரோ பெரிய இடத்தில் சொன்னதால் வரவேற்பறைக்கு மாற்றினார்கள். அங்கே ஏசி உண்டு, உட்காரத்தான் அனுமதி கிடையாது.

அந்த வரவேற்பறையில் ஆறடி நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி. உப்புத் தண்ணீர், கடல் பாறைகள், வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சு மீன் இரண்டு, நீல மீன் ஒன்று, கண்ணாடியில் ஊரும் நத்தைகள் ஏழெட்டு, ஓர் இறால். மாதம் இரண்டு முறை கொளத்தூரிலிருந்து ரகு வந்து தண்ணீர் மாற்றிவிட்டுப் போவான். வல்லம் வடகாலில் இருக்கும் இரண்டாவது யூனிட் தொட்டிக்கும் அவன்தான் ஆள்.

மற்றவர்கள் மீனைப் பார்த்தார்கள். அம்சவல்லி இறாலைப் பார்த்தாள். சிவப்பு முதுகில் வெள்ளைக் கோடு, உடம்பைவிட நீளமான வெள்ளை மீசை. ஒருநாள் உள்பக்கக் கண்ணாடியைத் துடைக்கக் கையை விட்டபோது அது பாறையிலிருந்து இறங்கி வந்து, அவள் விரல் மேல் ஏறி, நகக்கண்ணைக் கொறிக்க ஆரம்பித்தது. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"பயப்படாதக்கா, அது க்ளீன் பண்ணுது. மீனுங்க மேல கீற அழுக்கத் தின்னுதான் அது பொழைக்குது" என்றான் ரகு.

"அப்ப இதுவும் ஹவுஸ்கீப்பிங்தானா?"

பதினோரு வருஷத்தில் அந்தக் கம்பெனியில் அவளைச் சுத்தம் செய்ய முன்வந்தது அது ஒன்றுதான். மறுநாளிலிருந்து, பினாயிலைத் தொடுவதற்கு முன்பாகவே, வெறும் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டு வந்து ஐந்து நிமிஷம் தொட்டிக்குள் விட்டுக்கொண்டு நிற்பாள். அது வேலை என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அவளும் திருத்தவில்லை.

சித்திரையில் பாசி வந்தது. முதலில் பாறைகளில் பச்சை நிழல் மாதிரி தெரிந்தது. வைகாசிக்குள் பாறைகளுக்கெல்லாம் தலைமுடி முளைத்துவிட்டது. காலையில் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தால் நாலு நாளில் அதே நீளத்துக்கு வளர்ந்து நிற்கும். துடைத்த இடத்தைத் திரும்பத் துடைக்க வேண்டியிருந்தது அவளுக்கு வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை, அதை அவமானமாகவே எடுத்துக்கொண்டாள்.

"தானா வர்லக்கா. நாமதான் தீனி போட்டு வளத்துகினு கீறோம்" என்றான் ரகு. பர்ச்சேஸ் ஆட்களைப் பார்க்க மணிக்கணக்கில் காத்திருக்கும் வெண்டர்கள் பொழுது போகாமல் மீனுக்குத் தீனி போட்டார்கள். மேற்குக் கண்ணாடி வழியாக மாலை வெயில் நேராகத் தொட்டியில் விழுந்தது. குறைகிற தண்ணீருக்குப் பதிலாக யாரோ போர் தண்ணீரைப் பிடித்து ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பயிருக்கு உரமும் வெயிலும் எப்படியோ அப்படித்தான் பாசிக்கும் என்று அவன் சொன்னது அவளுக்குச் சட்டென்று புரிந்தது.

அன்றைக்கே தீனி டப்பா அவளுடைய துடைப்ப அலமாரிக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது. மேற்குக் கண்ணாடிக்குத் திரை வந்தது. ஆர்.ஓ. தண்ணீரைத் தவிர வேறு ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை. தீனி கேட்ட ஒரு வெண்டரிடம், "உங்க வூட்டு மீனா அது?" என்று கேட்டு அவரை உட்கார வைத்துவிட்டாள்.

பாசி குறையத் தொடங்கியது, ஆனால் மெதுவாக. "ஒன்றரை மாசம் ஆவும்கா, பொறுமையா இரு" என்றான் ரகு. பொறுமை அவளிடம் இல்லாத சரக்கு.

அப்போதுதான் அட்மின் சசிரேகா வந்து செல்போனில் தொட்டியைப் படம் எடுத்தாள். பதினெட்டாம் தேதி வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் ஆடிட்டுக்கு வருகிறார்கள். அதற்குள் தொட்டி பளிச்சென்று ஆகவில்லையென்றால் தூக்கிவிட்டு, அங்கே பிளாஸ்டிக் செடி வைக்கச் சொல்லிவிட்டார் பிளான்ட் ஹெட் ராஜசேகர்.

"மீனுங்கள இன்னா பண்ணுவீங்க மேடம்?"

"யாராச்சும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போவாங்க அக்கா."

"எறா?"

"அதுல இறால் வேற இருக்கா?" என்றாள் சசிரேகா.

பன்னிரண்டாம் தேதி ஆகியும் பாறைகளில் பாதிப் பச்சை அப்படியே இருந்தது. இளம் நாற்றைப் பாசி மூடினால் வயலில் என்ன செய்வார்கள் என்பது அம்சவல்லிக்குத் தெரியும். மயில்துத்தத்தைத் துணியில் முடிந்து, தண்ணீர் பாயும் மடையில் கட்டிவிடுவார்கள். நாலு நாளில் பாசி வெளுத்து ஒதுங்கிவிடும். அவள் கையாலேயே எத்தனையோ தடவை கட்டியிருக்கிறாள். ரகுவுக்குப் போன் போடலாமா என்று நினைத்தாள். போட்டால் பொறு என்பான். போடவில்லை.

வாலாஜாபாத் உரக்கடையில் வாங்கிய நீலக் கற்களை ஒரு கைக்குட்டையில் முடிந்து, பெரிய தொட்டிக்குக் கீழே தண்ணீர் சுற்றிவரும் சின்னத் தொட்டியில், பைப் வாயில் கட்டிவிட்டு வீட்டுக்குப் போனாள். வயலில் மயில்துத்தம் போட்டால் நத்தையும் சாகும். ஆனால் வயலில் நத்தை செத்தால் யாரும் வருத்தப்படுவதில்லை, நினைவிலும் வைத்துக்கொள்வதில்லை.

மறுநாள் காலை இறால் மணலில் பக்கவாட்டில் கிடந்தது. தண்ணீர் ஓட்டத்தில் மீசை மட்டும் அசைந்துகொண்டிருந்தது, அதனால் கொஞ்ச நேரம் உயிர் இருக்கிறது என்றே நம்பினாள். நத்தைகள் கண்ணாடியை விட்டுக் கீழே விழுந்து கிடந்தன. மூட்டையைப் பிய்த்து எறிந்தாள். இறாலை டிஷ்யூ பேப்பரில் சுற்றி, நந்தியாவட்டைச் செடிக்கடியில் புதைத்தாள். அழுகை வந்தது. ஒரு இறாலுக்கா அழுவது என்று தன் மேலேயே கோபமும் வந்தது. அது இருக்க வேண்டும் என்றுதானே இவ்வளவும் செய்தாள்.

மீன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பதினேழாம் தேதிக்குள் பாசி வெளுத்து, கையோடு வந்துவிட்டது. வந்த விருந்தாளிகள் தொட்டி முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். எப்படிச் செய்தாள் என்று சசிரேகா கேட்டாள். மயில்துத்தத்தைச் சொன்னாள், இறாலைச் சொல்லவில்லை. சசிரேகா அதை அப்படியே கைசன் படிவத்தில் எழுதிவிட்டாள். வேலையை மேம்படுத்த யோசனை சொல்பவர்களுக்கு மாதாமாதம் கொடுக்கும் பரிசு அது. ஒப்பந்த ஆள் யாருக்கும் அதுவரை கொடுத்ததில்லை, அந்த மாதம் அம்சவல்லிக்கு என்று முடிவானது.

அடுத்த முறை வந்த ரகு பாறை இடுக்கெல்லாம் டார்ச் அடித்துத் தேடிவிட்டு, "எறா எங்கக்கா?" என்றான். அவனிடம் பொய் வரவில்லை, சொல்லிவிட்டாள். அவன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான்.

"துத்தம்னா செம்புக்கா. மீன் எப்டியோ தாங்கிக்கும். எறா, நத்தையெல்லாம் தாங்காது. இப்ப அது பாறைக்குள்ளலாம் எறங்கிகினு இருக்கும். இனிமே இதுல எறா வுட்டா நிக்காது."

"எத்தினி நாளைக்கி?"

"பாறை, மண்ணு எல்லாத்தையும் மாத்துற வரைக்கும். உடுக்கா. தெரியாமதான பண்ண."

"ரகு, நீ யாராண்டயும் சொல்லிடாத. சனிக்கெழம என் பேரப் படிக்கப் போறாங்க."

"நான் இன்னாத்துக்கு சொல்லப் போறேன்" என்று எழுந்தான். "இங்கயிருந்து நேரா வல்லம் போறேன். அங்க ரெண்டு எறா கீது. ஒண்ணு வயித்துல முட்டையோட சுத்திகினு கீது."

சனிக்கிழமை கேன்டீனில் முன்னூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அம்சவல்லி சீருடையை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தாள். திரையில் 'முன்', 'பின்' என்று இரண்டு படங்கள் வந்தன. 'முன்' படம் சசிரேகா எடுத்தது. பச்சை முடிக்கு நடுவே, பாறை ஓரத்தில், வெள்ளை மீசை இரண்டும் சுவர் அளவுக்குப் பெரிதாகத் தெரிந்தன. 'பின்' படத்தில் கண்ணாடி சுத்தமாக இருந்தது. அதைப் பார்த்துத்தான் எல்லோரும் தலையாட்டினார்கள். மூன்றாவது படத்தில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி. ராஜசேகர் அதைத் தமிழில் படித்தார்: இதே முறை திங்கள் முதல் வல்லம் யூனிட் தொட்டியிலும் செய்யப்படும்.

பிறகு அவள் பேரைப் படித்தார். வேலைக்கு வந்த நாளிலிருந்து மைக்கில் அவள் பேர் கேட்டதில்லை. ஊர்ப் பேரையும் சேர்த்துச் சொன்னார். "ரெண்டு வார்த்தை பேசுங்க அம்சவல்லி" என்று மைக்கைக் கொடுத்தார்.

நன்றி என்று சொல்லிவிட்டு இறங்கலாம். அதைத்தான் சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள். மைக் கனமாக இருந்தது.

"அந்த மொதப் படத்துல ஒரு எறா கீது பாருங்க சார். ரெண்டாவது படத்துல இல்ல. துத்தம் போட்டு நான்தான் சாவடிச்சிட்டேன். வல்லத்துல போடாதீங்க" என்றாள்.

முன்னூறு பேரும் கைதட்டினார்கள். மேடையில் யார் பேசி முடித்தாலும் தட்டுவது அங்கே வழக்கம். ராஜசேகரும் தட்டினார். சசிரேகா சான்றிதழைத் தட்டில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். போட்டோ எடுப்பவர் அம்சவல்லியைப் பார்த்து, "மேடம், கொஞ்சம் இந்தப் பக்கம்" என்றார்.

அம்சவல்லி நகரவில்லை. கைதட்டல் முழுக்க அடங்கும்வரை நின்றாள். பிறகு மைக்கை வாய்க்குக் கிட்டத்தில் கொண்டுபோய், ஒவ்வொரு சொல்லாக, முதலிலிருந்து மறுபடியும் சொன்னாள்.

இந்த முறை யாரும் தட்டவில்லை. ராஜசேகர் திரையைத் திரும்பிப் பார்த்தார், 'முன்' படத்தை மறுபடி போடச் சொல்லி எழுந்துபோய்க் கிட்டத்தில் நின்று பார்த்தார். அப்புறம் அந்த வல்லம் வரியை எடுத்துவிடச் சொன்னார்.