பாவு காய்ந்த அரை மணி நேரம்

அறுபதுகளில், காஞ்சிபுரத்தில், விரலில் சீழ் பிடித்து பென்சிலின் ஊசி போட ஆஸ்பத்திரிக்குப் போனேன். நெய்வதற்காகத் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டிய பட்டு இழைகளுக்கு, அதாவது பாவுக்கு, அப்போதுதான் கஞ்சி தடவியிருந்தோம். வெயில் ஏறுமுன் சீவி எடுக்காவிட்டால் இழைகள் ஒட்டிக் காய்ந்து அறுந்துபோகும்.

நர்சம்மா சோதனைக்காகத் துளி மருந்தை மட்டும் தோலில் குத்தி, “அரை மணி ஒக்காருப்பா” என்றார்.

“போன வருசமே போட்டுக்கினேன்மா, ஒண்ணும் ஆவல. முழுசா போட்டு வுடுங்க, பாவு காயுது!”

“காயட்டும். ஒக்காரு.”

முணுமுணுத்தபடி வாசலுக்கும் பெஞ்சுக்குமாக நடந்தேன். திடீரென்று உடம்பெல்லாம் அரித்துத் தடித்தது; தொண்டை அடைத்தது. நர்சம்மா ஓடிவந்து அதை முறிக்கும் ஊசி போட்டார்.

மூச்சு திரும்பியதும் சொன்னார்: “மருந்து கெட்டதில்லப்பா. போன தபாவே உன் ஒடம்பு அத்த எதிரின்னு நெனச்சுக்கினு, சண்டைக்குக் காத்துக்கினு இருந்திருக்குது.”

அந்தப் பாவில் பாதி இழை போயிற்று. “போன தடவை ஒன்றும் ஆகவில்லையே” என்று யார் சொன்னாலும், இன்றும் என் கை தானாகத் தொண்டைக்குப் போகிறது.