சிரிக்க வேண்டிய இடம்

தன் முடியலங்காரக் கடை ரேடியோவில் ஒட்டலி ரோஷானின் குரல் கேட்டதும் வெர்னெல் முழங்கையால் பொத்தானை ஓர் இடி இடிப்பாள். கை முழுக்கத் தலைமுடிக் களிம்பு, வேறு எதனால் அணைப்பது? நாற்காலியில் பாதிப் பின்னலோடு உட்கார்ந்திருக்கும் பெண், "ஐயோ, நல்ல பாட்டாச்சே மிஸ் வெர்னெல்!" என்று பதறுவாள்.

"செத்து இத்தன வருஷமாச்சு, இன்னும் வாய மூடுறாளா பாரு" என்று பல்லில் கடித்த சீப்போடு சொல்வாள் வெர்னெல்.

எங்கள் நியூ ஆர்லியன்ஸில், அதுவும் ட்ரெமே தெருக்களில், வேறு யாராவது இப்படிப் பேசியிருந்தால் கதை கந்தலாகியிருக்கும். ஒட்டலி எங்களுக்கு அப்படிப்பட்ட பாடகி. வெர்னெலை மட்டும் விட்டுவிடுவோம். ஒவ்வோர் ஆண்டும் ஒட்டலியின் பிறந்தநாளை ஒட்டி வரும் ஞாயிற்றுக்கிழமை, அவள் நினைவாக நடக்கும் ஜாஸ் கச்சேரியில் அவளைப்போலவே பாடுகிறவள் வெர்னெல்தான். பியானோ வாசிக்கிறவன் நான்.

அந்த ஒரு நாள் மண்டபத்தில் நிற்க இடம் இருக்காது. மற்றபடி வெள்ளிக்கிழமைகளில் ஓர் உணவகத்தில் வெர்னெல் என்ற சொந்தப் பேரிலேயே பாடுகிறாள். அங்கே ஜனங்கள் வேகவைத்த ஆற்றிறாலின் தலையை உறிஞ்சிக்கொண்டிருப்பார்கள். பாட்டு முடிந்ததுகூடத் தெரியாமல், "இன்னுங் கொஞ்சம் காரம் கொண்டாப்பா" என்று ஒரு சத்தம் வரும். அதே ஆட்கள்தான் ஞாயிற்றுக்கிழமை வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்படியே ஒட்டலி! உரிச்சு வச்ச மாதிரி!" என்பார்கள். வெர்னெல் பல்லைக் காட்டி நன்றி சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பி, "உரிக்கிறாங்க பாரு" என்பாள்.

சுட்டெரிக்கும் ஆகஸ்டிலும் கழுத்தில் கம்பளித் துண்டு. சுடுதண்ணீரில் தேனும் மிளகாய்த்தூளும் போட்டுக் குடிப்பாள். ஒட்டலியின் படம் போட்ட சுவரொட்டியை எங்கே பார்த்தாலும் நின்று ஆராய்வாள். "மூக்கச் சின்னதாக்கிட்டானுங்க. நெசத்துல கத்திரிக்கா சைசு." ஒட்டலியை நேரில் பார்த்த எனக்குத் தெரியும், நல்ல மூக்குதான். சொன்னால் யார் வாங்கிக் கட்டிக்கொள்வது?

அவளுக்கு உண்மையில் வயிறு எரிவது ஒரு சிரிப்பைப் பற்றி. ஒட்டலியின் பேர்போன பாட்டு ஒன்று, கட்டியவன் கைவிட்டுப் போனதைச் சொல்லும் சோகப் பாட்டு, கச்சேரியிலேயே பதிவானது. "போனவன் கதவையாவது சாத்திவிட்டுப் போயிருக்கலாம்" என்ற வரியில் பரிமாறுகிறவன் கண்ணாடிக் கோப்பைகளைத் தட்டோடு கீழே போட்டுவிட்டான். ஒட்டலி பாட்டை நிறுத்தாமல் களுக்கென்று சிரித்தாள். இசைத்தட்டில் அந்தச் சிரிப்பும் ஏறிவிட்டது. அன்றிலிருந்து அந்த வரி வந்தால் ஊரே காதைத் தீட்டிக்கொள்ளும். நினைவுக் கச்சேரியிலும் அந்த இடத்தில் மதுக்கூடத்துத் தியோ ஒரு தட்டைக் கீழே போடுவான், வெர்னெல் சிரிப்பாள், கூரை அதிரும். அந்தத் தட்டுக்கு விழும் கைதட்டலில் கால்வாசிகூட என் பியானோவுக்கு விழுந்ததில்லை. எனக்கும் பொறாமை உண்டு, சொல்லிவிட்டேன்.

இந்த ஆண்டு ஒத்திகையன்று வெர்னெல் தியோவைப் பிடித்துக்கொண்டாள். "நாளைக்குத் தட்டத் தொட்ட, ஒன் கை இருக்காது."

"சனங்க ஏமாந்துபோவாங்களே வெர்னெல்" என்றேன்.

"ஏமாறட்டும் அல்சீட். அவன் போனதுக்கு அழுவுற எடத்துல எவளாவது சிரிப்பாளா? அது அவ சிரிப்பு. எனக்கு அங்க அழுகதான் வருது. ஒரே ஒரு தடவ நான் பாடுறதக் கேக்கட்டும்." கழுத்துத் துண்டை அவிழ்த்து மறுபடி சுற்றினாள். "ஆமா, பொறாமதான். அதுக்கென்ன இப்ப? அவளுக்குத் தொண்ட கட்டாது, முட்டி வலிக்காது, வயசு ஏறாது. செத்தவகூட எப்பிடிப்பா போட்டி போடுறது?"



மறுநாள் மண்டபம் பிதுங்கியது. முன்மேசையில் பெரியவர் சிப்ரியன், வெள்ளைத் தொப்பியும் கையில் கோப்பையுமாக. அந்தப் பாட்டு பதிவானபோது கூட்டத்தில் இருந்தவர் அவர். அதைச் சொல்லாமல் யாரிடமும் கைகுலுக்கமாட்டார். அந்தப் பாட்டு வந்தது. அந்த வரியும் வந்தது. தியோ கையைக் கட்டிக்கொண்டு நின்றான். வெர்னெல் வரியை இழுக்கவில்லை, ஒட்டலி போல வளைக்கவில்லை. பேசுவதுபோல மெதுவாகப் பாடி, 'கதவையாவது' என்ற சொல்லில் குரல் உடைந்து, உடைந்தபடியே விட்டுவிட்டாள். நான் எத்தனையோ வருடமாக வாசிக்கிற பாட்டு அது. அன்றுதான் முதல்முறை கேட்பதுபோல் இருந்தது. மண்டபத்தில் ஒரு செருமல்கூட இல்லை.

சிப்ரியன் தியோவைப் பார்த்தார். மேடையைப் பார்த்தார். பையன் மறந்துவிட்டான் என்று நினைத்திருக்கவேண்டும், பாவம். எல்லாம் பிரியத்தில்தான், தன் கோப்பையை விளிம்புக்கு நகர்த்தி விரலால் ஒரு தள்ளு தள்ளினார்.

சிலீரென்றது. அவ்வளவுதான், மண்டபமே கொல்லென்று சிரித்தது. வெர்னெலுக்காக அவர்களே சிரித்துவிட்டார்கள். எழுந்து நின்று தட்டினார்கள். "ஒட்டலி! ஒட்டலி!" என்று யாரோ பின்னாலிருந்து கூவினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாசிப்பதை நிறுத்திவிட்டேன்.

வெர்னெல் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. கைதட்டல் ஓயும்வரை அசையாமல் நின்றாள். கடைசி ஆள் உட்காரும்வரை நின்றாள். பாட்டை மறுபடி முதலிலிருந்து எடு என்று வாத்தியக்காரனுக்குச் சொல்ல எங்களுக்குள் ஒரு சைகை உண்டு. கூட்டத்தை விட்டுக் கண்ணை எடுக்காமலே வெர்னெல் இடது கையைத் தூக்கி, தன் உச்சந்தலையில் பொத்துப் பொத்தென்று தட்டினாள்.