ஏழாம் நம்பர் பெட்டி

தகர டப்பாவின் அடியில் ஒரு ரப்பர் வளையம் மிஞ்சிக் கிடந்தது. வேறு யாராக இருந்தாலும் அதைத் திரும்ப டப்பாவுக்குள் போட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார்கள். ஜெயவேலுவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

சுண்டுவிரல் நுழையும் அளவுக்குச் சின்ன வளையம். பெங்களூர் எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரிக் கடைகளில் அதற்கு ரப்பர் புஷ் என்று பெயர். தகரப் பெட்டியில் ஒயர் நுழைய ஓட்டை போட்டால் அதன் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். புஷ் மாட்டாமல் விட்டால் அது ஒயரைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும். உள்ளே இருக்கும் செம்பு தகரத்தைத் தொட்டுவிட்டால் பெட்டி முழுக்க கரண்ட். ஜெயவேலு வாங்கியது சரியாக ஒரு டஜன் புஷ். செய்துகொடுத்தது பன்னிரண்டு டிவி கேம் பெட்டி. அப்படியானால் ஏதோ ஒரு வீட்டில், ஏதோ ஒரு பிள்ளையின் கைக்கெட்டும் இடத்தில், புஷ் இல்லாத பெட்டி ஒன்று இருக்கிறது.

"ஞானம், இந்த டப்பால யாராச்சும் கை வச்சாங்களா?"

"உங்க டப்பால கை வச்சிட்டு இந்த வூட்ல யாராச்சும் உசுரோட இருக்க முடியுமா?" என்றாள் அவர் மனைவி ஞானம்மாள், அடுப்படியிலிருந்தபடியே.

அவள் சொன்னதில் பொய்யில்லை. பூட்டின பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்த்து, தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து நாலாவது தரமும் இழுத்துப் பார்க்கிற ஆள் ஜெயவேலு. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கிறவர்களுக்கு லேம்ப் ரூம் தெரியாது.

கோலார் தங்கவயலில் ஒரு சுரங்கத்தின் லேம்ப் ரூமில் அவர் இருபத்துநாலு வருஷம் வேலை பார்த்தார். கீழே இறங்குகிறவன் தன் நம்பர் போட்ட பித்தளைப் பில்லையைக் கொடுத்துவிட்டுத் தலைவிளக்கை வாங்கிக்கொண்டு போவான். பில்லை பலகையில் ஆணியில் தொங்கும். ஷிப்ட் முடிந்து விளக்கைத் திருப்பிக் கொடுத்தால் பில்லை அவன் கைக்குப் போகும். பலகை காலியானால் எல்லாரும் மேலே வந்தாயிற்று. வீட்டுக்குப் போனதும் ஞானம்மாள் காப்பி கொடுப்பதற்கு முன்னால் ஒன்றே ஒன்று கேட்பாள்: "எல்லாரும் மேல வந்துட்டாங்களா?"

எண்பத்துநாலாம் வருஷத்தில் ஒரு சாயங்காலம் நாற்பத்தொன்றாம் நம்பர் மட்டும் தொங்கிக்கொண்டேயிருந்தது. மைக்கேல்ராஜின் பில்லை. "அவன் விளக்கோட வூட்டுக்குப் போயிருப்பான், காலைல கொண்டாருவான்" என்றான் கூட இருந்தவன். அப்படி நடப்பதும் உண்டுதான். ஜெயவேலு நம்பினார், நம்புவது சௌகரியமாக இருந்தது. வீட்டுக்கு வந்து, ஞானம்மாள் கேட்டதற்கு "வந்துட்டாங்க" என்றார். மறுநாள் காலையில் மைக்கேல்ராஜைக் கல்லுக்கு அடியிலிருந்து எடுத்தார்கள். உயிர் இருந்தது, இடது கால் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோது அவன் திட்டவில்லை. "லைட்டு அணையுற வரைக்கும் ஆட்டிக்கினே இருந்தேன், ஜெயவேலு" என்று மட்டும் சொன்னான். திட்டியிருந்தால் இவர் பிழைத்திருப்பார்.

பிறகு முன்கூட்டியே வேலையை விட்டுவிட்டு பெங்களூர் லிங்கராஜபுரத்துக்கு வந்தார். தெருவில் சிரில் என்று ஒரு டிவி மெக்கானிக். தொண்ணூற்றொன்பதாம் வருஷம், சீடி போட்டு டிவியில் கேம் ஆடுகிற புது மெஷின்கள் வந்துவிட்டன. சிரில் எதிர்த்திசையில் போனான். எஸ்.பி. ரோட்டில் பழைய டிவி கேம் போர்டுகளை எடைக்கு வாங்கிவந்து, டிரான்ஸ்பார்மர் வைத்து உயிர்கொடுத்தான். உயிர் வந்தது, உடம்பு இல்லை. உடம்பு செய்துதர வந்தவர்தான் ஜெயவேலு. லேம்ப் ரூமில் நசுங்கிய பாட்டரிக் கூடுகளைத் தட்டி நிமிர்த்திய கை. தகரம் அவர் சொன்னபடி வளையும்.

வந்தவர்கள் கேட்டதோ வெறும் பெட்டியில்லை. பிரேசர் டவுன் டீச்சர் கேத்தரினுக்கு அது பியானோ மாதிரி இருக்கவேண்டும், விருந்தாளிகளுக்குத் தெரியக்கூடாது. ஓய்வுபெற்ற சுந்தரேசன், தான் ஆடுவது மருமகளுக்குத் தெரியாதபடி சுருதிப்பெட்டி வடிவத்தில் கேட்டார். ஆட்டோ ஓட்டும் கோவிந்தப்பா தன் பிள்ளைகளுக்கு அச்சு அசல் ஆட்டோவே வேண்டும் என்றான், மஞ்சள் கறுப்பு பெயின்ட் உட்பட. எல்லாவற்றுக்கும் அடியில் ஜெயவேலு ஒரு நம்பர் அடித்தார். வீட்டுச் சுவரில் பலகை மாட்டி, பன்னிரண்டு ஆணியில் பன்னிரண்டு தகரப் பில்லையும் தொங்கவிட்டார். ஏன் என்று ஞானம்மாள் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும்.

புஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு சிரில் கடைக்குப் போனார். சிரில் சிரித்தான்.

"கடைக்காரன் பதிமூணு போட்டிருப்பான்ணா. ஒரு கம்ப்ளெயின்ட் வந்துச்சா? இல்லல்ல? சும்னே எதுக்கு டென்ஷன்?"

"நான் எண்ணித்தான் வாங்குனேன், சிரிலு."

"சரி, போய்ப் பாருங்க. ஆனா ஷாக்கு கீக்குன்னு வாயத் தொறந்தீங்கன்னா கதை முடிஞ்சுது. ஒருத்தனும் அப்புறம் நம்ம பக்கம் வரமாட்டான். ஃப்ரீ சர்வீஸுன்னு சொல்லுங்க."

ஜெயவேலு தலையாட்டினார். அந்தத் தலையாட்டலுக்காகப் பின்னால் அவர் தன்னையே மன்னிக்கவில்லை.

இரண்டு நாள் அலைந்தார். ஃப்ரீ சர்வீஸ் என்றதும் ஊர் சந்தேகப்பட்டது. சும்மா கொடுத்தால் யார்தான் நம்புகிறார்கள்? கேத்தரின் டீச்சர், "நாங்க கூப்பிடவே இல்லையே?" என்று வாசலிலேயே நிறுத்தினார். பிறகு உள்ளே விட்டு, பியானோவோடு மிக்ஸியையும் இஸ்திரிப் பெட்டியையும் கொண்டுவந்து முன்னால் வைத்தார். சுந்தரேசன் மருமகள் மார்க்கெட்டுக்குப் போகும்வரை காத்திருக்கச் சொன்னார். ஜெயவேலு ஒவ்வொரு பெட்டியாகத் திறந்தார். ஒவ்வொன்றிலும் புஷ் கறுப்பாக, உருண்டையாக, இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. வீட்டுக்கு வந்து பில்லைகளைக் கழற்றினார். இரண்டாம் நாள் காலைக்குள் பதினொன்று கழன்றுவிட்டன. ஏழு மட்டும் தொங்கியது. கோவிந்தப்பாவின் ஆட்டோ.

கோவிந்தப்பா குடும்பம் மல்லேஸ்வரம் பக்கம் வீடு மாற்றிவிட்டது. சிரிலின் நோட்டில் புது விலாசமும், கீழ்வீட்டு பாஞ்சாலியின் போன் நம்பரும் இருந்தன. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினார். பாஞ்சாலி மாடியைப் பார்த்துக் கத்துவது கேட்டது. கோவிந்தப்பாவின் மனைவி லட்சுமம்மா இறங்கி வந்தாள்.

"அம்மா, அந்த டிவி கேம் பெட்டிய ஒரு தடவ சர்வீஸ் பண்ணணும்..."

"பேடாங்க, இப்ப வேணாம், சூப்பரா இருக்குது. பசங்க ஸ்கூல் லீவு, இருபத்துநாலு மணி நேரமும் அதுங்கூடத்தான். இன்னிக்கு எங்களுக்குத் தண்ணி விடுற நாளு, ஆயிரம் வேலை இருக்குது. அப்புறமா வாங்க."

போனை வைத்ததும் ஜெயவேலுவுக்கு உடம்பே லேசாகிவிட்டது. சூப்பராக இருக்கிறதாம்! கடைக்காரன் பதிமூன்று போட்டிருப்பான். சிரில் சொன்னது சரி. அரண்டவன் கண், அவ்வளவுதான். வீட்டுக்குள் நுழைந்து நேரே பலகைக்குப் போய் ஏழாம் பில்லையில் கை வைத்தார்.

கை வைத்தது வைத்தபடியே நின்றது. பார்க்காமல் கழற்றுகிற பில்லை. யாரோ ஒருவர் வாயால் "நன்றாக இருக்கிறது" என்று சொன்னதை நம்பிக் கழற்றுகிற பில்லை. நம்புவது சௌகரியமாக இருந்தது, அன்றைக்கு இருந்ததுபோலவே. அவர் கையை எடுத்தார்.

"சோறு போட்டுட்டேன்" என்றாள் ஞானம்மாள். அவர் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடியிருந்தார்.

சிவாஜிநகரில் பஸ் மாறவேண்டும். மாறின பஸ் ஊர்ந்தது. தண்ணி விடுற நாள் என்று அவள் சொன்னது பஸ்ஸில்தான் அவருக்கு உறைத்தது. தண்ணீர் வந்தால் பெண்கள் என்ன செய்வார்கள்? வீட்டைக் கழுவுவார்கள். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கிற பிள்ளை, கரண்ட் ஏறிய தகரத்தைத் தொட்டால் அதற்குப் பேர் ஷாக் இல்லை. பக்கத்து சீட்டுக்காரரிடம் "சுவாமி, டைம் எஷ்டு?" என்று மூன்று தரம் கேட்டார். கடைசியில் அந்த மனிதர் கைக்கடிகாரத்தை அவர் பக்கமாகத் திருப்பிவைத்துக்கொண்டார்.

மாடிப்படியில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. லட்சுமம்மா புடவையைச் செருகிக்கொண்டு, முன்னறைத் தரையில் பக்கெட் பக்கெட்டாக ஊற்றித் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தாள். மூலையில் மரக்கட்டில். கட்டில்மேல் இரண்டு பிள்ளைகள், கிரணும் மகாவும். எட்டிப்பிடிக்கிற உயரத்தில் டிவி, அதன்மேல் மஞ்சள் ஆட்டோ. மகாவுக்கு ஒன்பது வயது இருக்கும். அவள் உள்ளங்கையை ஆட்டோவின் கூரைமேல் பதித்துக் கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். கிரண் எண்ணிக்கொண்டிருந்தான்.

"பதினாலு... பதினஞ்சு..."

"கைய எடு!" என்று ஜெயவேலு கத்திய கத்தலில் லட்சுமம்மாவின் கையிலிருந்து பக்கெட் விழுந்தது. அவர் செருப்புக்காலோடே உள்ளே பாய்ந்து சுவரிலிருந்த ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கினார்.

"இன்னாங்க ஆச்சு? ஏன் இப்டி..."

"இன்னாம்மா பண்ணிக்கினு இருந்தே?" என்று மகாவிடம் கேட்டார்.

"ஜும்முனு இழுக்கும் அங்கிள்" என்றாள் மகா சந்தோஷமாக. "யாரு ரொம்ப நேரம் வச்சிருக்காங்களோ அவங்க வின். நான் இருபது வரைக்கும் வச்சிருக்கேன். கீழ நின்னுக்கினு வச்சா இன்னும் ஜாஸ்தி இழுக்கும்னு இவன் சொல்றான். அம்மா கழுவி முடிச்சதும் பார்க்கலாம்னு இருந்தோம்."

லட்சுமம்மா தரையிலிருந்த தண்ணீரைப் பார்த்தாள்.

ஜெயவேலு ஆட்டோவைக் கட்டில்மேல் கவிழ்த்து நாலு ஸ்குருவையும் கழற்றினார். ஒயர் பக்கவாட்டில்தான் வருவதாக இருந்தது. முடிக்கிற நேரத்தில் கோவிந்தப்பா வந்து, சைலன்ஸர் மாதிரி பின்னால் வரவேண்டும் என்று அடம்பிடித்தான். அவசரமாக வேறு ஓட்டை போட்டது இப்போதுதான் ஞாபகம் வந்தது. அந்த ஓட்டையில் புஷ் இல்லை. ஒயரின் தோல் அறுந்து, செம்பு தகரத்தோடு ஒட்டிக்கொண்டு பளபளத்தது.

"என் தப்பும்மா" என்றார். எல்லாவற்றையும் சொன்னார், டப்பாவில் மிஞ்சிய வளையத்திலிருந்து.

லட்சுமம்மா சத்தம் போடவில்லை. "பன்னெண்டு மணிக்குத்தானே போன் பண்ணீங்க?" என்று கேட்டாள். "அப்பவே இதச் சொல்லியிருந்தா நானே பிடுங்கிப் போட்டிருப்பேனே. சர்வீஸுன்னு ஏன் சொன்னீங்க?"

"பேரு கெட்டுடுமேன்னு பயந்துட்டேன்."

எதற்கெல்லாமோ பயந்த மனிதர், பயப்படவேண்டிய ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றுக்குப் பயந்திருந்தார். இப்படிக் கேட்டதற்குப் பதில் அவள் ஒரு அறை கொடுத்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

புது ஒயர் போட்டார். புஷ்ஷை ஓட்டையில் அழுத்தினார். அது இரண்டு தரம் நழுவி விழுந்தது. மகாதான் எடுத்து, கட்டைவிரலால் ஒரே அழுத்தில் மாட்டினாள். தரையைத் துடைத்துக் காயவைத்த பிறகு பிளக்கைச் சொருகி, டெஸ்டர் வைத்துப் பார்த்து, தன் உள்ளங்கையை முதலில் வைத்தார். ஒன்றுமில்லை. பிறகு மகா வைத்தாள். ஐந்துவரை எண்ணினாள், பத்துவரை எண்ணினாள். முகம் தொங்கிவிட்டது.

"போச்சு. நல்லா இருந்ததக் கெடுத்துட்டாரும்மா இந்த அங்கிள்."

லட்சுமம்மா ஈரப்புடவையோடு அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு அழுதாள்.

ஜெயவேலு வீட்டுக்கு வந்து பலகையிலிருந்து ஏழாம் பில்லையைக் கழற்றினார். மற்ற பதினொரு வீட்டுக்கும் நாளைக்குப் போய் உண்மையைச் சொல்லவேண்டும், சிரில் என்ன வேண்டுமானாலும் கத்தட்டும். ஞானம்மாள் காப்பியோடு வந்து, காலிப் பலகையையும் அவர் முகத்தையும் பார்த்தாள். தங்கவயலை விட்டு வந்தபிறகு அவள் கேட்காத கேள்வி அது.

"எல்லாரும் மேல வந்துட்டாங்களா?"

"வந்துட்டாங்க" என்றார். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் சொன்ன அதே வார்த்தைதான். இந்தத் தடவை சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு அழுகை வந்துவிட்டது.