மருமகனிடம் சொல்லமுடியாத வியாதி

தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் வாத்தியார் வேலை. மாமனார் ஊர் தளவாய்புரம் பக்கம். வீட்டை ஒட்டி ஒரு ஷெட்டில் தையல் மிஷின்கள் போட்டு, நைட்டியும் உள்பாவாடையும் தைத்து ராஜபாளையம் கடைகளுக்குச் சரக்குப் போட்டுவந்தார். உரத்த குரல், நிமிர்ந்த நடை. என்னிடம் மட்டும் அளந்துதான் பேசுவார். நானும் அவர் எதிரில் உட்கார்ந்ததில்லை.

ஒருநாள் என் மனைவி பாத்திரம் துலக்கிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

“எங்க அய்யாவுக்கு உடம்பு சரியில்லையாம். மதுரைக்குப் போகணுமாம். நீங்க கூடப் போயிட்டு வாரியளா?”

“என்ன செய்யுதாம்?”

“துணி மூட்டை தூக்கித் தூக்கி... கீழ வீங்கியிருக்காம். அம்மாதான் சொன்னா. அய்யா உங்ககிட்ட வயித்துவலின்னுதான் சொல்லுவாக. நீங்களும் தெரியாத மாதிரியே இருந்துக்கிடுங்க.”

குடலிறக்கம். வெகுநாளாக அதை இறுக்கிக் கட்டிக்கொண்டு நடமாடியிருக்கிறார். அவர் ஊரிலேயே ஆரம்ப சுகாதார நிலையம் இருந்தது. ஆனால் அங்கிருந்த நர்சம்மா இவருடைய ஷெட்டில் துணி எடுக்கிறவர். ராஜபாளையத்துக்குப் போனால் கடைக்காரர் யாராவது பார்த்துவிடுவார். ஸ்ரீவில்லிபுத்தூரோ சம்பந்தி ஊர், நினைத்தே பார்க்கமுடியாது. ஆகவே மதுரை. பெரிய ஆஸ்பத்திரி என்றால் பெரிய வைத்தியம் என்ற எண்ணமும் அவருக்கு இருந்தது. எனக்கும் இருந்தது. சுகாதார நிலையம் என்றால் தடுப்பூசி, குடும்பக்கட்டுப்பாடு; எங்கள் ஊர் ஆஸ்பத்திரி என்றால் பிரசவம், அடிதடி கேஸ். தினமும் அதன் வாசல் வழியாகத்தான் பள்ளிக்கூடம் போனேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பஸ்ஸில் மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வண்டி குலுங்கும்போதெல்லாம் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தார். கிருஷ்ணன்கோவிலில் “வெயில் கூடத்தான்” என்றார். “ஆமா மாமா” என்றேன். அதற்குப் பிறகு திருமங்கலம் தாண்டும்வரை பேச்சில்லை.

ஓ.பி. சீட்டு கொடுக்கிற இடத்தில் என்ன செய்கிறது என்று கேட்டார்கள். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “வயித்துவலி” என்றார். அதற்கான வரிசையில் நின்றோம். டாக்டர் எங்கே வலிக்கிறது என்று கேட்டபோது தொப்புளைத் தொட்டுக் காட்டினார். வயிற்றுப்புண்ணுக்கு மாத்திரை கிடைத்தது. அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, “போவோமா மாப்பிள்ளை?” என்றார்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை.

“மாமா, டாக்டர்ட்ட எல்லாத்தையும் சொல்லிட்டியளா?”

“எல்லாம்னா?”

“வீட்ல சொன்னாக.”

அப்படியே வராந்தாப் படியில் உட்கார்ந்துவிட்டார். தரையைப் பார்த்தபடி, “உங்க வரைக்கும் வந்துட்டா?” என்றார். நடுக்கூட்டத்தில் அவர் வேட்டியை நானே உருவிவிட்டதுபோல் இருந்தது எனக்கு.

திரும்பவும் உள்ளே போனோம். இந்தமுறை ஆபரேஷன் பகுதிக்கு அனுப்பினார்கள். மாமனார் என்னை வெளியே நிற்கச் சொன்னார். திரைச்சீலை பாதிதான் மறைத்தது. சுற்றிலும் மருத்துவ மாணவர்கள், அதில் இரண்டு பெண்பிள்ளைகள். மாமனார் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

டாக்டர் என்னைக் கூப்பிட்டார்.

“எந்த ஊரு?”

“நான் ஸ்ரீவில்லிபுத்தூர் சார். வாத்தியாரா இருக்கேன்.”

“வாத்தியாரா? இந்த ஆபரேஷன் உங்க ஊர் ஆஸ்பத்திரியிலேயே செய்றாங்களே! அவர் ஊர் ஹெல்த் சென்டர்ல காட்டினா அவங்களே சீட்டு எழுதி அங்க அனுப்பியிருப்பாங்க. அங்க முடியாததுக்குத்தான் இங்க வரணும்.” அடுத்த கட்டிலைக் காட்டினார். உடம்பெல்லாம் கட்டுப்போட்ட ஒருவர் வாழையிலை விரிப்பில் கிடந்தார். பட்டாசு ஆலையில் வெந்தவராம். “அவருக்கு இதை விட்டா வேற இடம் இல்ல. உங்களுக்கு இருக்கு. தள்ளிப்போடாதீங்க. குடல் மாட்டிக்கிட்டா மதுரை வர்ற வரைக்கும் தாங்காது.”

அவர் கடிந்து பேசவில்லை. அதுதான் இன்னும் சுருக்கென்றிருந்தது. எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்ற அத்தனை பேரும் என் முதுகைப் பார்ப்பதாகத் தோன்றியது.

ஊர் திரும்பியும் மாமனார் இணங்கவில்லை. “பொறவு பாப்போம்” என்றார். நானும் வற்புறுத்தவில்லை. வற்புறுத்த வேண்டுமானால் அந்தப் பேச்சை மறுபடி எடுக்க வேண்டும்.

சில வாரம் கழித்து ஒரு காலையில் ஷெட்டில் பண்டல் தூக்கியவர் அப்படியே மடங்கி விழுந்தார். வீக்கம் உள்ளே போகவில்லை, வாந்தி. மிஷினில் இருந்த பெண்கள்தான் ஓடிவந்து, சரக்கு ஏற்றுகிற தள்ளுவண்டியில் அவரைப் படுக்கவைத்துச் சுகாதார நிலையத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். யார் கண்ணிலும் படக்கூடாது என்று இருந்தவர், ஊர் பார்க்கத் தெருவழியே போனார். அங்கிருந்த டாக்டர் பார்த்த உடனே சீட்டு எழுதி, தங்கள் ஜீப்பிலேயே ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அனுப்பிவைத்தார். நான் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்து சேரும்போது ஆபரேஷன் தொடங்கியிருந்தது. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் குடலையே வெட்டவேண்டி வந்திருக்கும் என்றார்கள்.

ஆண்கள் வார்டில் மாமியார் இருக்கமுடியவில்லை. துணைக்கு நான்தான். ஆபரேஷன் முடிந்த மறுநாள் மூத்திரக் குடுவையைப் பிடிக்கவும், ஈரத்துணியை மாற்றவும் வேறு ஆள் இல்லை. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“மாப்பிள்ளைய இதுக்கா கூட்டிவச்சேன்” என்றார்.

துணியை மாற்றிவிட்டுக் குடுவையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது பக்கத்துக் கட்டில்காரர் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார். வத்திராயிருப்பில் வயல் வைத்திருக்கிற சம்சாரி, அவருக்கும் இதே ஆபரேஷன்.

“எனக்கு எடது பக்கம். ஒமக்கு எந்தப் பக்கம்?” என்று வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டார்.

மாமனார் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். நான் வாசலிலேயே நின்றேன்.

“வலது” என்றார் கடைசியில்.

“எம்புட்டு நாளா வச்சிருந்தீரு?”

“அது கெடக்கு, ரொம்ப நாளா.”

“நானும் அப்படித்தான். பொண்டாட்டிகிட்டயே சொல்லலையே!” என்று சம்சாரி சிரிக்கப்போய், தையல் இழுத்து, “அம்மா” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டார். மாமனார் உதட்டோரமும் லேசாக அசைந்தது. என்னைப் பார்த்ததும் அது நின்றுவிட்டது.

உடம்பு நன்றாகத் தேறியது. பல வருஷம் தொழில் செய்தார். ஷெட்டில் யாருக்கு என்ன என்றாலும், “மொதல்ல நம்ம ஊர்ல காட்டு, அவிய அனுப்புற எடத்துக்குப் போ” என்று விரட்டுவாராம். மனைவி சொல்லித்தான் தெரியும். என்னிடம் அதைப்பற்றி அவர் பேசியதே இல்லை. மகளைப் பார்க்க வந்தால் நான் பள்ளிக்கூடத்தில் இருக்கிற நேரமாகப் பார்த்து வருவார். அவர் வந்திருக்கிறார் என்று தெரிந்தால் நானும், பெல் அடித்த பிறகும் நோட்டுகளைத் திருத்துவதாக வகுப்பிலேயே உட்கார்ந்திருப்பேன்.