வெள்ளை எது என்று கேட்ட கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டில் சேலையின் நிறத்துக்குப் பெயர் சொல்வது நான்தான். பள்ளிக்கூடத்தில் நான் இருந்தது கொஞ்ச காலம். இன்றைக்கும் பஸ்ஸின் பெயர்ப் பலகையை எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் பஸ் போய்விடும். ஆனால் நிறம் என்று வந்துவிட்டால் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவே என்னிடம்தான் வரும். கத்தரிப்பூ எங்கே முடிகிறது, வாடாமல்லி எங்கே தொடங்குகிறது என்று சேலையைத் தொடாமலே சொல்வேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்றால் அது பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

மகன் தறியில் நெய்வதை மருமகள் போனில் படம் எடுத்து வெளியூருக்கு விற்கிறாள். படம் எடுப்பதில் கஷ்டம் இல்லை, எடுத்ததைத் தேடுவதில்தான். "போன தீபாவளிக்கு ஒண்ணு அனுப்புனீங்களே, பச்சக் கரை" என்று யாராவது கேட்டால் போதும், அடுப்பில் சோறு பொங்கி வழியும்வரை விரலால் தள்ளிக்கொண்டே இருப்பாள். பேத்தியின் காதுகுத்து வரும், கருட சேவைக் கூட்டம் வரும், கேஸ் ரசீது வரும். பச்சைக் கரை மட்டும் வராது. அதனால் படங்களை அடுக்கவும் திருத்தவும் ஒரு சாஃப்ட்வேர் வேண்டும் என்று சொல்லி, ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தாள். சேலைப் படம் என்பதால் எது நல்லது என்று தேர்ந்தெடுக்க என்னையும் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

முதல் சாஃப்ட்வேர் எதைக் கொடுத்தாலும் தானே மினுக்கிவிட்டது. ஜரிகை மஞ்சள் பூசிக் குளித்ததுபோல ஆனது.

"இன்னாமா இது, சேலைக்குப் பவுடர் போட்டு வுட்டுது?" என்றேன். அது போயிற்று.

இரண்டாவது நன்றாகத்தான் அடுக்கியது. ஆனால் எல்லாப் படத்தையும் வேறெங்கோ உள்ள பெட்டியில்தான் வைப்பேன் என்றது. நம் வீட்டுச் சேலையை எதற்கு ஊரான் பீரோவில் வைக்க வேண்டும்? அதுவும் போயிற்று.

மூன்றாவதைக் கம்ப்யூட்டரில் போட்டாள். அதில்தான் நான் அசந்து போனேன். ஒவ்வொரு படத்துக்கும் நான் நிறத்தின் பெயர் சொல்ல, அவள் தட்டிக்கொண்டே வந்தாள். ராமர் பச்சை, மாம்பழம், அரக்கு, வெங்காயத் தோல். பிறகு "வாடாமல்லி" என்று ஒருமுறை தட்டினாள். இந்த வீட்டில் படம் எடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து தறியிலிருந்து அறுத்த வாடாமல்லிச் சேலைகள் எல்லாம், பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிள்ளைகள் மாதிரி வந்து வரிசையில் நின்றன. விற்றுப் போனவைகூட வந்து நின்றன.

இன்னொரு படம் வெறும் இருட்டு. கரண்ட் போன நேரத்தில் எடுத்தது. எறிந்துவிடு என்றேன். அவள் ஒரு கோட்டின்மேல் இருந்த புள்ளியை மெல்ல நகர்த்தினாள். இருட்டுக்குள்ளிருந்து முதலில் கரை வந்தது, பிறகு கரையில் அன்னம், பிறகு அந்த அன்னத்தின் கண். கருவறையில் தீபம் காட்டும்போது சாமி முகம் இப்படித்தான் வரும். என்னை அறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

"அம்மா கம்ப்யூட்டருக்கெல்லாம் கன்னத்துல போட்டுக்கினு கீது பாரு" என்றான் மகன், தறியிலிருந்தபடியே.

"நீ கரையைக் கோணாம நெய்யி, உனக்கும் போட்டுக்கிறேன்" என்றேன்.

ஒரே ஒரு குறை இருந்தது. நிறம் எனக்குச் சரியாகப் படவில்லை. வாடாமல்லி என்றால் பூவாக எரிய வேண்டும், படத்தில் அது அழுக்கு அரக்காகத் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் நீலம் ஏற்று, இன்னும் ஏற்று என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

"அத்தே, சேலைய எடுத்தாந்து பக்கத்துல வெச்சிப் பாக்கலாமா?"

"சேலை எதுக்குமா? என் கண்ணுல கீது."

நான் சொன்னபடியே அவள் ஏற்றினாள்.

அந்தப் படத்தைப் பார்த்துத்தான் பழைய வாடிக்கையான கோயம்புத்தூர் அம்மா ஒருவர் மகள் கல்யாணத்துக்கு முதல் சேலை வாங்கினார். அந்த ஊரில் மருமகளுக்குக் கிடைத்த வாடிக்கை எல்லாம் அவர் சொல்லி வந்ததுதான். சேலை போய்ச் சேர்ந்ததும் போன் வந்தது.

"படத்துல ஊதாவா இருந்துச்சுங்க, கைக்கு வந்தது செவப்படிக்குதுங்க. முகூர்த்தச் சேலைக்கு இன்னொரு படம் அனுப்புங்க. அதும் இப்படின்னா நாங்க வேற பக்கம் பாத்துக்கறமுங்க."

மருமகள் போனை வைத்துவிட்டு அந்தப் படத்தைத் திறந்து பார்த்தாள். அந்த அம்மா போனால் அவர் பின்னால் வந்தவர்களும் போவார்கள். அவள் தனியாகக் கட்டிய கடை அது, கதவும் பலகையும் இல்லாத கடை.

"இந்த சாஃப்ட்வேரும் ஒதவாது. எடுத்துப் போட்டு வேற பாரு" என்றேன். சாயக்காரரையும் ஒரு பிடி பிடித்தேன். கொஞ்ச காலமாகவே அவர் போட்டுத் தரும் சாயம் எனக்கு மங்கலாகத்தான் தெரிந்தது.

எடுத்துப் போடுவதற்கு முன்னால் ஒன்று செய்து பார்க்கிறேன் என்றாள் மருமகள். மகனின் துவைத்த வேட்டியை மடித்து, அதே சாயத்தில் முகூர்த்தத்துக்கென்று நெய்திருந்த வாடாமல்லிச் சேலையின் ஓரத்தில் வைத்துப் புதிதாகப் படம் எடுத்தாள். கம்ப்யூட்டரில் சொட்டு மருந்துக் குழாய் மாதிரி ஒரு குறி இருந்தது.

"இதுல வெள்ள எதுன்னு கேக்குது அத்தே. வெள்ளைய மட்டும் தொட்டுக் காட்டிட்டா, மத்த நெறத்தையெல்லாம் அதுவே சரி பண்ணிக்குமாம்."

அது எனக்குப் பிடித்திருந்தது. ஒன்று சரியாகத் தெரிந்தால் மற்றதெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டு சரியாகும். அறிவுள்ள பெட்டிதான். அவள் வேட்டியைத் தொட்டாள். படம் ஒருமுறை அசைந்து நின்றது.

"எங்கமா வெள்ளையாச்சி? சந்தனமா கீது."

"வெள்ளயாத்தான் கீது அத்தே."

"வேட்டியே சந்தனமா இருந்தா அது இன்னா பண்ணும்? வெளுப்பே சரியில்ல."

மருமகள் திரும்பி என்னைப் பார்த்தாள். "அந்தச் செவுரு இன்னா நெறம் அத்தே?"

"மஞ்சளேறிப் போச்சி. அடிச்ச சுண்ணாம்பே சரியில்ல."

தறிச் சத்தம் நின்றது. "போன வாரம்தானே பளிச்சுனு வெள்ள அடிச்சேன், நீதானே பக்கத்துல ஒக்காந்து வேல வாங்கினே" என்றான் மகன்.

நான் வேட்டியைப் பார்த்தேன், சுவரைப் பார்த்தேன், என் கையில் இருந்த மோர் டம்ளரைப் பார்த்தேன். எல்லாம் ஒரே சந்தனம். இவ்வளவு நாளும் சந்தனத்தை வெள்ளை என்று நினைத்து, அதில் நின்றுகொண்டுதான் உலகத்துக்கே நிறம் சொல்லியிருக்கிறேன்.

கண்புரை என்றார் டாக்டர். நீலத்தை வடிகட்டிவிடும் என்றார். நான் அதைப் படத்தில் குடம் குடமாக ஊற்றிக்கொண்டிருந்தேன்.

மருமகள் அன்றைக்கே தன் கண்ணால் பார்த்துப் படத்தை அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. அந்த அம்மா "படம் வரலீங்களே" என்று இரண்டாவது முறையும் கேட்டுவிட்டார்.

"அனுப்பேன்டி, அவங்க வேற எடம் போயிடப் போறாங்க" என்றேன்.

"போனா போவட்டும். இந்த வூட்டுல நெறம் சொல்றது நீங்க. பாத்துட்டுச் சொல்லுங்க, அனுப்புறேன்."

எனக்கு ஒரு பெண் பிறந்திருந்தாலும் இப்படிச் சொல்லியிருப்பாளா தெரியாது.

முதலில் இடது கண்ணுக்கு ஆபரேஷன் செய்தார்கள். கட்டுப் பிரித்ததும் எதிரில் நின்ற நர்சின் உடுப்பைப் பார்த்தேன். சொட்டு நீலம் போட்டு அலசி வெயிலில் உலர்த்திய வெள்ளை. அப்படி ஒரு வெள்ளை இருப்பதையே மறந்திருக்கிறேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஆட்டோவுக்கு வெளியே தலையை நீட்டி வானத்தைப் பார்த்துக்கொண்டு வந்தேன். யாரோ இப்போதுதான் சாயத் தொட்டியிலிருந்து தூக்கிப் போட்டதுபோல இருந்தது.

வந்ததும் கம்ப்யூட்டரைத் திறக்கச் சொன்னேன். நான் நீலம் ஏற்றிய படம் மை கொட்டியதுபோல இருந்தது. பார்க்கவே கூச்சமாக இருந்தது.

"படத்தையே கெடுத்துட்டேனேமா."

"கெடல அத்தே. நாம இன்னா பண்ணாலும் எடுத்த படம் அடியில அப்படியே இருக்கும். அதுக்காகத்தான் இத எடுத்துப் போடாம வெச்சேன்."

ஒரு பொத்தானை அழுத்தினாள். நான் ஊற்றிய நீலம் அத்தனையும் ஒரு நொடியில் இறங்கிப் போனது. அடியில் வாடாமல்லி, பறித்த பூவாக, நான் வந்து பார்க்கட்டும் என்று காத்துக்கொண்டிருந்தது. அதே சாயத்து முகூர்த்தச் சேலையைக் கொண்டுவரச் சொல்லிப் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் ஒன்று. மனிதர் செய்யும் தப்பைத் தள்ளியும் விடாமல், அசலைத் தொடவும் விடாமல், இப்படி ஒன்றை யார் யோசித்தார்களோ. அவர்கள் கை நன்றாக இருக்கட்டும்.

வேட்டியோடு எடுத்த படத்தையும் பார்த்தேன். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

"வாடாமல்லி. இதே. அனுப்பு" என்றேன்.

முகூர்த்தச் சேலை போய்ச் சேர்ந்த அன்று அந்த அம்மாவின் குரல் போனில் வந்தது. மருமகள் சத்தமாக வைத்தாள். "படத்துல பாத்ததேதானுங்க கையில இருக்குது. நாத்தனாருக்கும் ஒண்ணு வேணுமுங்க."

மறுநாள் சாயக்காரரிடம் போய், "சாயத்துல கொற ஒண்ணும் இல்ல" என்றேன். "அது எனக்குத் தெரியும்மா" என்று சொல்லிவிட்டு அவர் வேலையைப் பார்த்தார்.

வலது கண்ணுக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதுவரை உட்கார்ந்த இடத்தில் இந்தக் கண்ணை மூடி அந்தக் கண்ணால் பார்க்கிறேன், அதை மூடி இதனால் பார்க்கிறேன். ஒரே சேலை அரக்காகவும் வாடாமல்லியாகவும் மாறி மாறி வருகிறது. அலுக்கவே மாட்டேன் என்கிறது.

"இன்னா அத்தே, தெருவுல போறவங்களுக்கெல்லாம் கண்ணடிச்சிக்கினு இருக்கீங்க?" என்கிறாள் மருமகள்.