ஒற்றைக் கைக்கு ஒரு திரை

லிஃப்ட் மெக்கானிக்குக்கு அவருடைய மச்சான் வைத்த பெயர் 'மாத்தல் மன்னன்'. தப்பில்லை. வீட்டில் கிடந்த பழைய கம்ப்யூட்டரில், திரையில் தெரியும் முகப்பை வாரம் ஒருமுறையாவது கழற்றிப் புதுசு மாட்டாவிட்டால் மனிதருக்குச் சோறு இறங்காது. கீழே இருக்கும் பட்டை ஒருநாள் மேலே போகும், மறுநாள் பட்டையே இருக்காது. வாங்கும்போது வந்த முகப்பு எப்படி இருந்தது என்று கேட்டால் அவருக்கே ஞாபகம் இருக்காது.

அவர் மனைவி ஸ்டூடியோக்காரி. வீட்டின் முன்னறைதான் கடை. போட்டோ எடுப்பதும் அடையாள அட்டை அச்சடிப்பதும் அங்கேதான். "உங்க விளையாட்டெல்லாம் அந்தப் பழசோட நிறுத்திக்கோங்க. கடைப் பக்கம் வந்தீங்க, பொல்லாதவளா ஆயிடுவேன்" என்று கறாராகச் சொல்லி வைத்திருந்தாள். அவரும் பெட்டிப் பாம்பாக அடங்கித்தான் இருந்தார்.

அப்படிப்பட்டவள் படியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். முழங்கை வரை மாவுக்கட்டு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அட்டை போட்டுத் தருவதாக அப்போதுதான் ஒப்புக்கொண்டிருந்தாள். பள்ளி திறப்பதற்குள் கொடுத்தாக வேண்டும். சொன்ன தேதி தவறினாள் என்று அதுவரை யாரும் அவளைச் சொன்னதில்லை. "ஆள் போட்டுக்கலாமே" என்றார் கணவர். அவ்வளவுதான், பொலபொலவென்று அழுதுவிட்டாள்.

"என் நாற்காலியில இன்னொருத்தரா? அதுக்குக் கடையைப் பூட்டிடலாம்."

அவருக்கு மனசு கேட்கவில்லை. "ஒரே ஒரு தடவை என்னை உள்ளே விடு. இடது கையாலேயே நீ வேலை பாக்குற மாதிரி முகப்பையே மாத்தித் தர்றேன்" என்று கெஞ்சினார். வேறு வழியில்லாமல் தலையாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தவர் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. கடைக் கம்ப்யூட்டரோடு வந்த முகப்பை எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டார். திறக்கிற ஜன்னல் எதுவானாலும் தானாகத் திரை முழுக்க விரியும்; பெரிதாக்க மூலையிலிருக்கும் குட்டிச் சதுரத்தைத் தேடி அலைய வேண்டாம். மவுஸில் இடது கைக்கு ஏற்றபடி பொத்தான்களை மாற்றினார். போட்டோவை வெட்ட, பின்னணியை வெளுக்க, அச்சடிக்க என்று ஒவ்வொன்றுக்கும், மவுஸை விடாமலே விசைப்பலகையில் இரண்டு விசைகளைச் சேர்த்து அமுக்கும் குறுக்குவழி வேறு. தானே ஓட்டிப் பார்த்தார். வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது. "வா ராணி, சிம்மாசனம் ரெடி!" என்றார்.

அவள் உட்கார்ந்து இடது கையால் மவுஸைப் பிடித்தாள். போட்டோவைத் தேர்ந்தெடுத்தாள். பிறகு விசைப்பலகையைப் பார்த்தாள், கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள், கடைசியாகக் கணவரைப் பார்த்தாள்.

"ரெண்டு கையையும் வெச்சுக்கிட்டு ஒத்தைக் கைக்காரிக்கு வழி பண்ணியிருக்கீங்களே, உங்களை என்ன சொல்றது?"

நாக்கைக் கடித்துக்கொண்டார். என்ன புத்தி பாருங்கள், நாளெல்லாம் ஓட்டிப் பார்த்த மனிதருக்கு அது உறைக்கவே இல்லை. சட்டென்று ஒரு துண்டை எடுத்து, "என் வலது கையைக் கட்டு" என்று நீட்டினார். இடது கையாலும் பல்லாலும் இழுத்து ஒரு வழியாகத் தூளி மாதிரி கட்டிவிட்டாள். மறுநாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு அதே கோலத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் திருத்தினார். குறுக்குவழிகள் போய், திரையின் இடது ஓரத்தில் பெரிய பெரிய பொத்தான்கள் வந்தன. எட்டாததை எல்லாம் கிட்டே இழுத்தார். அவள் பக்கத்தில் நின்று, "இன்னும் கொஞ்சம் கீழே... ம், அங்கதான்" என்று வேலை வாங்கினாள்.

அட்டை என்ன ஆயிற்று என்று கேட்க வந்த பள்ளிக்கூட கிளார்க், வாசலிலேயே நின்றுவிட்டார். அவளுக்கும் வலது கையில் கட்டு, இவருக்கும் வலது கையில் கட்டு.

"என்னங்க இது, வீட்டுக்குள்ள அடிதடியா?"

"ஆமா சார், யாரும் ஜெயிக்கலை" என்றாள். கிளார்க் சிரித்த சிரிப்பில் வந்த விஷயத்தையே மறந்துவிட்டார்.

முதல் இரண்டு நாள் அவளுடைய இடது கை முரண்டு பிடித்தது. வெட்டப் போய் யாரோ ஒரு பையனின் காதை நறுக்கிவிட்டுத் தலையிலடித்துக்கொண்டாள். அப்புறம் பழகிவிட்டது. பள்ளி திறப்பதற்கு முன்னாலேயே அட்டைகளைப் பெட்டியில் அடுக்கிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

கட்டுப் பிரித்துக் கையும் பழைய நிலைக்கு வந்தபின் ஒருநாள் அவர் மெல்லக் கடைக்குள் எட்டிப் பார்த்தார்.

"கைதான் சரியாயிடுச்சே. பழைய முகப்பையே போட்டுத் தரட்டுமா?"

அவள் இடது கையால்தான் மவுஸை ஓட்டிக்கொண்டிருந்தாள். வலது கை அச்சாகி வந்த போட்டோக்களை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தது. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஒண்ணும் வேண்டாம். இது எனக்குன்னு நீங்க பண்ணது. இப்படியே இருக்கட்டும், நல்லா இருக்கு."

கல்யாணமான நாளிலிருந்து அவர் மாற்றிய எதற்கும் அவள் வாயிலிருந்து இந்த வார்த்தை வந்ததில்லை. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. காதில் விழாதவர் மாதிரி கதவோரமாக நின்று, அதை இன்னொரு தடவை கேட்கும் ஆசையில், "என்ன சொன்ன?" என்றார்.