மூளைப் படத்தில் ஒரு குங்குமப் பொட்டு

அப்பாவின் இடது கை வீசவில்லை என்பதை முதலில் கவனித்தது நான்தான். ஜாசின் ஊர்ப் பாசாரில் அவர் முன்னே நடந்தார், அம்மாவும் நானும் பின்னால். வலது கை ஜோராக வீசியது. இடது கை, சட்டையோடு சேர்த்துத் தைத்த மாதிரி தொங்கியது.

நான் அப்போது ஆறாம் படிவம், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பு. நூலகத்தில் எந்த அறிவியல் இதழையும் விடமாட்டேன். கை நடுங்கத் தொடங்குமுன்பே மூளையைப் படமெடுத்துப் பார்க்கின்சன் நோயைக் கண்டுபிடிக்க வெளிநாட்டில் முயல்கிறார்கள் என்றும், நடக்கும்போது ஒரு கை வீசாதது அதன் ஆரம்ப அறிகுறி என்றும் ஒன்றில் படித்திருந்தேன். போதாதா எனக்கு? ஸ்கேன், ஸ்கேன் என்று அப்பாவை அரித்தெடுத்தேன்.

அப்பா எஸ்டேட்டில் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டினார். கியர் போடுவது அந்த இடது கைதான். "டாக்டர்கிட்ட போனா லாரிச் சாவியப் புடுங்கிடுவாங்க லா. சும்மா இரு பாப்பா." நோயைவிட அவருக்கு அந்தப் பயம்தான் பெரிது. ஆனாலும் மலாக்கா ஆஸ்பத்திரிக்கு வந்தார்; அங்கிருந்த டாக்டரம்மா சொல்லி ஸ்கேனும் எடுத்தார்கள்.

அறிக்கையில் கோளாறு எதுவும் இல்லை என்றிருந்தது.

"பெரிய சைன்டிஸ்ட்டு! கேட்டுக்கிட்டியா?" என்றார் அப்பா. எனக்கும் சந்தோஷம்தான், கொஞ்சம் ஏமாற்றமும். அம்மா படத்தைச் சாமி மேடையில் வைத்துக் கற்பூரம் காட்டினார். பள்ளிப் புத்தகமோ லாரி டயரோ, எங்கள் வீட்டில் புதிதாக எது வந்தாலும் சந்தனம் குங்குமம் வைத்துத்தான் மறுவேலை.

அடுத்த முறை டாக்டரம்மா அந்தப் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டிவிட்டு, கண்ணாடியைக் கழற்றி மாட்டிக்கொண்டு கிட்டத்தில் போய்ப் பார்த்தார்.

"இதென்ன கறை?"

"குங்குமம் டாக்டர்," என்றார் அம்மா பெருமையாக.

டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தார். "மூளைக்கே பொட்டு வச்சது நீங்கதாம்மா!"

பிறகு அப்பாவை விரல்களைத் தட்டச் சொன்னார், ஆஸ்பத்திரி நடைபாதையில் நடக்கச் சொன்னார். "படம் சுத்தம்தான். கட்டியில்ல, ரத்தக்கசிவு இல்ல. ஆனா கை சொல்லுதே, இது பார்க்கின்சன் ஆரம்பம்."

நான் விடவில்லை. "வெளிநாட்டுல முன்னாலேயே படத்துல பாக்குறாங்களாமே டாக்டர்?"

"அது வேற படம். இது மூளை எப்படி இருக்குன்னு காட்டும். அது உள்ள எப்படி வேலை செய்யுதுன்னு காட்டும். இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு. நீ படிச்சு இங்க கொண்டு வா." அப்பாவிடம் திரும்பினார். "மாத்திரை எடுங்கய்யா. அடுத்த தடவ வர்ற வரைக்கும் லாரி வேண்டாம்."

வீட்டுக்கு வந்ததும் அப்பா லாரிச் சாவியைச் சாமி மேடையில் வைத்தார்.

மாத்திரை அவருக்கு நன்றாகவே வேலை செய்தது. மறுமுறை அதே நடைபாதையில் நடந்தபோது இடது கையும் வீசியது. தவறாமல் வந்து காட்டினால் இப்போதைக்கு லாரி ஓட்டலாம் என்றார் டாக்டரம்மா.

மறுநாள் காலை சாமி மேடையில் லாரிச் சாவியை எடுக்கப் போன அப்பா, பக்கத்தில் மாத்திரை டப்பாவைப் பார்த்தார். அதற்கும் பொட்டு.

"மூளைக்கு வச்ச, மாத்திரைக்கு வச்ச. எனக்கு எப்ப வைக்கப் போற?"

அம்மா அழுத்தமாக ஒன்று வைத்துவிட்டார். வாசலில் நின்று, லாரி வரைக்கும் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன பாப்பா, உன் ஸ்கேன் முடிஞ்சிச்சா?" என்று திரும்பாமலே கேட்டார்.